இலைக்கு இரண்டடி

அஸ்தம்பட்டியில் ஆர்க்கிடெக்ட் சின்னராஜின் வீட்டுக்கு வந்தவர் யாரும் சாப்பிடாமல் போனதில்லை. செங்கல் இறக்க வந்த லாரி டிரைவருக்கும் இலை உண்டு. சாப்பாட்டு அறையை மட்டும் அவர் இலைக் கணக்கில்தான் வரைவார். “ஒரு இலைக்கு ரெண்டடி உடோணும் சாமி. பக்கத்து ஆளு முழங்கை இடிச்சா அது விருந்தில்ல” என்பார்.

அவரிடம் பதினெட்டு வருடம் வேலை பார்த்த அறிவுச்செல்விக்கு, ஆட்டையாம்பட்டியில் வீடு கட்ட அவரே பிளான் போட்டுக் கொடுத்தார். வீட்டில் நாலு பேர் என்பதால் சாப்பாட்டு அறை எட்டடி நீளம்; கட்டி முடித்து அளந்தபோதும் எட்டடிதான். “ஒருநாள் எங்க ஊட்டுல சாப்பிடோணுங்க சார்” என்று அவள் கூப்பிடும்போதெல்லாம், “வாரேன் சாமி” என்பார். வராமலே, போன மாதம் இறந்துபோனார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அறைக்கு எட்டடிப் பாய் வாங்கி வந்து விரித்தார்கள். இரண்டடி தரை மிச்சமிருந்தது.

“அளவத் தப்பாச் சொல்லிட்டியா?” என்றான் கணவன்.

அவள் பாயை அளந்தாள். எட்டடி. அறையை அளந்தாள். பத்தடி. வெளிச்சுவர் கட்டிய இடத்திலேயே இருந்தது.

“இல்லீங்க, சரியாத்தான் இருக்குது” என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய் இன்னோர் இலை அறுத்து வந்தாள்.

ஐந்து இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாள். கணவனும் பிள்ளைகளும் கை கழுவப் போயிருந்தார்கள். சோற்றுடன் அவள் திரும்பியபோது, நான்கு இலைகளில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. ஐந்தாவதில் ஒரு துளி இல்லை. கையால் வழித்துவிட்ட தண்ணீர் இலையோரம், பாய் எட்டாத தரையில் கிடந்தது.