வீட்டுக்காரர்

பூட்டு மாறியிருந்தது.

ஈரத்துணி வாளியை இறக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அதேதான். அட கடவுளே, அந்தப் பூட்டேதான்.

கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் பூங்கோதை பையோடு நின்றாள். செருப்புகூடப் போட்டிருந்தாள்.

தன் வீட்டில் வெயில் விழவில்லை என்று, இந்த மாடியில் துணி காயப்போடும் சாக்கில்தான் எதிர்வீட்டில் இருக்கும் இவள் ஏறி வந்திருந்தாள். வாளியில் துணிக்கு அடியில் பூட்டுத் திறக்கும் ஊசிக்கம்பிகள். கீழ் வீட்டில் பூங்கோதையின் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் தனபால் ஜவுளிச் சரக்கு எடுக்கச் சேலம் போயிருந்தான். வெளியே போகும்போதெல்லாம் பெண்டாட்டியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது அவன் வழக்கம். அவளுடைய ஃபோனையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

எதிர்வீட்டிலிருந்து பார்க்கப் பொறுக்காமல் இவள் ஒருமுறை போலீஸுக்குச் சொன்னாள். வந்தார்கள். "பாதுகாப்புக்குத்தானேம்மா பூட்டுறாரு" என்றார்கள். மாமியார் கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். நல்லா இருக்கட்டும்.

பூட்டுத் திறப்பது இவளுக்குப் பொழுதுபோக்கு. இதே கிறுக்குப் பிடித்த ஒரு கூட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும். அங்கே இரண்டே விதி. உன்னுடையதல்லாத பூட்டைத் தொடாதே. புழக்கத்தில் இருக்கும் பூட்டைத் தொடாதே.

இரண்டையும் போன வாரமே மீறியாயிற்று.

அது பழைய பூட்டு. பேருக்குத்தான் பூட்டு. கம்பி உள்ளே போனதும் வாயைப் பிளந்தது. பூங்கோதை சத்தம் வராமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். செய்தாளா? இல்லை. திரும்பப் பூட்டிவிட்டு இன்னொரு தடவை திறந்து காட்டினாள். வித்தை காட்டினாள்! பூங்கோதையின் தம்பிக்குத் தகவல் சொல்லிவிட்டு அடுத்த வாரம் நிதானமாகப் போகலாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

தம்பி இப்போது பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருக்கிறான்.

"பழைய பூட்டுல, சாவி ஓட்டையில புதுசாக் கீறல் இருக்குதேன்னு அவரு கேட்டாருங்க்கா" என்றாள் பூங்கோதை. "பழசுன்னு சொன்னேன். நம்புல."

இவள் கம்பியை நுழைத்தாள்.

இவள் போடும் வீடியோக்களில் முகம் இருக்காது. இரண்டு கை, ஒரு குரல், ஒரு பூட்டு. கடையில் விற்கிற பூட்டெல்லாம் எப்படி நம்மை ஏமாற்றுகின்றன என்று திறந்து காட்டுவாள். திருடனுக்குப் பாடம் எடுக்கிறாயே, வெட்கமாயில்லையா என்று தினமும் நாலு பேர் வந்து திட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். எல்லா வீடியோவையும் அதைச் சொல்லித்தான் முடிப்பாள்.

"திருடனுக்குத் தெரிஞ்சது வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிருக்கணும்."

சத்தியமாக நம்பித்தான் சொன்னாள். இப்போதும் அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரே ஒரு பூட்டிடம் தோற்றிருக்கிறாள். அதையும் மறைக்கவில்லை. மாதக்கணக்காக முட்டி மோதிவிட்டேன், முடியவில்லை, வாங்கினால் இதை வாங்குங்கள் என்று வீடியோவில் சொன்னாள். வளையம் வெளியே தெரியாது, இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு நுழைய இடமில்லை என்று பாராட்டு வேறு. நேர்மையாம் நேர்மை.

அந்தப் பூட்டுதான் இப்போது கையில் கனத்தது.

"எங்கூட்டுக்காரரு உங்க வீடியோவப் பாத்துட்டுத்தான்க்கா வாங்கியாந்தாரு. என்னையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டுப் பாத்தாரு. கொரலக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சிருச்சு. நீங்கதான்னு அவருக்குத் தெரியல."

வீட்டுக்காரர்.

அந்தச் சொல்லுக்கு இப்படியும் ஒரு பொருள் இருப்பது இவளுக்குத் தெரியாதா என்ன? இவளே தன் புருஷனை நாளெல்லாம் அப்படித்தான் சொல்கிறாள். இத்தனை நாளும் பூட்டுகிறவருக்காகவே பேசியிருக்கிறாள். உள்ளே இருப்பவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. பாவி, தோன்றவே இல்லையே.

கம்பி வழுக்கியது. வேறொன்றை எடுத்தாள். அதுவும் வழுக்கியது. விரல்கள் மரத்துப்போயின.

கீழே டிவி சத்தம் நின்றது.

இவள் கம்பியை அசைக்காமல் பிடித்துக்கொண்டாள். குழாயில் தண்ணீர் விழுந்தது. பாத்திரம் ஒன்று உருண்டது. பிறகு டிவி மறுபடி பேச ஆரம்பித்தது.

"தம்பிய வரச் சொல்லட்டுமா? ஆளக் கூட்டிட்டு வந்து கதவ ஒடைக்கட்டும்."

"வேண்டாங்க்கா. வெட்டுக் குத்துல போயி நிக்கும். அவன ஊருக்குப் போகச் சொல்லிருங்க."

இவள் கேட்காததுபோல் இன்னொரு முறை முயன்றாள். அதற்கடுத்தும் முயன்றாள். பூட்டுக்குள் எதுவும் அசையவில்லை.

பூங்கோதை செருப்பைக் கழற்றினாள்.

பையைத் திறந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். மடிப்புக் கலையாமல் அலமாரியில் அடுக்கினாள். எந்தச் சேலைக்குமேல் எந்தச் சேலை இருந்தது என்று நின்று யோசித்தாள். இரண்டை மாற்றி வைத்தாள். காலிப் பையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

திரும்பி வந்து கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுவாள் என்று இவள் பயந்தாள். அழவில்லை.

"அக்கா, இதத் தொறக்கற வழியக் கண்டுபுடிச்சீங்கன்னா..."

"சொல்லு."

"வீடியோ போட்டுறாதீங்க. அவரு பாத்தா வேற வாங்கியாந்துருவாரு."

"போடமாட்டேன்" என்று உடனே சொல்லிவிட்டாள்.

கண்டுபிடிப்பேன் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.