கிறீச்சிடும் நாற்காலி

சோதனையின்போது மென்பொருளை எழுதியவன் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. இளம்பரிதி வாயை மூடிக்கொண்டு கால்களை ஆட்டினான்; நாற்காலி விடாமல் கிறீச்சிட்டது. யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய அவனுடைய கட்டற்ற மென்பொருளில் காலையிலிருந்து தட்டச்சு செய்த கட்டுரையைப் பார்வையற்ற மரகதவல்லி இப்போது சேமிக்க வேண்டும். அடுத்த பொத்தானுக்கு நகர்த்தும் விசையைத் தட்டினாள். "பொத்தான்" என்றது, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் கணினியின் குரல். மறுபடி தட்டினாள். "பொத்தான்." ஒன்று சேமிக்கும், மற்றது அழிக்கும். இரண்டுக்கும் அழகாகப் படம் வரைந்தவன், அந்தக் குரல் படிப்பதற்குப் பெயர் வைக்க மறந்திருந்தான். அவள் விரல் என்டர்மேல் நின்றது. கிறீச்சொலியும் நின்றது. தலையைச் சாய்த்துக் கேட்டவள், முந்தைய பொத்தானுக்குத் திரும்பினாள். நாற்காலி மீண்டும் கிறீச்சிட்டதும் என்டரைத் தட்டினாள். கட்டுரை பிழைத்தது.

"சார், இதக் கம்ப்யூட்டர்ல போட்டுக்குற எல்லார் வீட்டுக்கும் இந்த நாற்காலியத் தூக்கிட்டு வருவீங்களா?" என்றாள்.