மூன்றாவது துண்டு

என் இடது கன்னத்துக்குள், முப்பது வருடம் நான் புகையிலை அடக்கிய இடத்தில், எலுமிச்சை அளவில் ஒரு கட்டி. டாக்டர் எஸ்தர் அதன் ஓரத்தில் மிளகளவு சதை கிள்ளி ஆய்வகத்துக்கு அனுப்பினார். சாதுவான கட்டி, தாடையைத் தொட வேண்டாம் என்று முடிவு வந்தது. சந்தேகப்பட்டு நடுவில் கிள்ளினார். கொலைகாரக் கட்டி, தாடையை அறுத்தெடுக்க வேண்டும் என்று வந்தது.

டாக்டரம்மா ஆய்வகத்துக்குள் போய், சதையைச் சோதிக்கும் தங்கையாவின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். “எவன் சதைய மாத்தி வச்சீரு?”

“மாத்தலம்மா. டிஎன்ஏ பாத்துட்டேன். ரெண்டும் பங்காளிங்கதான். ஓரத்துல இருக்கவன் சாமி கும்பிடுதான், நடுவுல இருக்கவன் அரிவாள் தீட்டுதான்.”

“அப்ப மூணாவதா ஒண்ணு எடுப்போம். ரெண்டு எந்தப் பக்கம் சேருதோ, அதான் தீர்ப்பு.”

தங்கையா என் தலையை முழங்காலால் அமுக்கிக்கொண்டார். டாக்டரம்மா கையை உள்ளே விட்டதும், கட்டி அவர் விரல்நுனியைக் கடித்துத் துப்பியது. கடித்தது நான் இல்லை. அந்தப் பக்கம் எனக்குப் பல்லே கிடையாது. மூன்று பேர் மேலும் ரத்தம். அந்தக் களேபரத்தில் தங்கையா கையில் கிடைத்த சதையை டப்பாவில் போட்டுக் கொண்டுபோனார்.

மறுவாரம் முடிவு வந்தது: பெண்ணின் சதை, புற்று துளியும் இல்லை.

“ரெண்டுக்கு ஒண்ணும்மா,” என்றேன். “தாடை எனக்குத்தான்.”

“என் ஓட்டு செல்லாது அண்ணாச்சி. வாயத் தொறங்க.”

கட்டுப் போட்ட கையில் ரம்பம் இருந்தது. திறந்தேன். அதைப் பார்த்ததும் உள்ளே பங்காளிகள் இருவரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள்.