ஆறு எக்ஸும் ஆறும்

வேலி போட நிலத்தைச் சுற்றி நடந்து அளக்க வேண்டும் என்பது உலகமெங்கும் பரவியிருக்கும் மூடநம்பிக்கை. நாற்காலியை விட்டு எழவே வேண்டியதில்லை. அல்ஜீப்ரா தெரிந்தால் போதும். எனக்குத் தெரியும்.

1931. ரப்பர் விலை விழுந்து, மலாயாவில் குளுவாங் பக்கத்தில் எங்கள் தோட்டத்திலும் ஆள்குறைப்பு. ஆபீசில் கணக்கெழுத இரண்டு கிராணிகள். ஒருவர் போக வேண்டும். போகிறவர்கள் லிஸ்டில் துரை பென்சிலால் என் பெயரை எழுதி வைத்திருந்தார்.

அப்போதுதான், ஜனங்கள் மரவள்ளி போட்டிருந்த நிலத்துக்குப் பன்றிவேலி போட உத்தரவாயிற்று.

"எத்தனை கெஜம் கம்பிவலை? ஒரே முறைதான் வாங்குவேன். கூடினாலும் குறைந்தாலும் நீ வீட்டுக்குப் போகலாம்," என்றார் துரை.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கருப்பாயி கயிற்றோடு வந்து நின்றாள். கிழக்கோரத்துப் பாத்தி அவளுடையது.

"சுத்தி அளந்துட்டு வரட்டுங்களா, கிராணி ஐயா?"

"ஆடுமாடுதான் சுற்றி வரும். படித்தவன் யோசிப்பான். அகலத்தை எக்ஸ் என்று வைத்துக்கொள்."

"எக்ஸுன்னா யாருங்க?"

"யாரென்று இன்னும் தெரியாதவன்."

"தெரியாதவனை நம்பியா வேலி போடறீங்க?"

கங்காணி ஐயாசாமி சிரிப்பை மறைக்க இருமினார். நான் பொருட்படுத்தவில்லை.

"நீளம், அகலத்தைப் போல் இரண்டு மடங்கு, அதற்கு மேல் ஆறு கெஜம். ஆகவே சுற்றளவு ஆறு எக்ஸும் ஆறும். வரைபடத்தில் எக்ஸ் இருபது. நூற்றிருபத்தாறு கெஜம்!"

வலை வந்தது. வேலி முடிந்த அன்று துரை பார்வையிட்டார். ஒரு சாண் மிச்சமில்லை, ஒரு சாண் குறைவில்லை.

"குட்," என்றார்.

பெருமை தாங்காமல், மாலையில் நானே வேலியைச் சுற்றி வந்தேன். கிழக்கே, வேலிக்கு வெளியே மூன்று கெஜம் தள்ளி, கம்பங்களைப் பிடுங்கிய குழிகள் வரிசையாக இருந்தன. குழிகளுக்கும் வேலிக்கும் நடுவில் மரவள்ளி.

"என்ன கங்காணி இது?"

"வலை ஆறு கெஜம் பத்தலைங்க. துரை வர்றதுக்குள்ள கம்பத்தையெல்லாம் பிடுங்கி, மூணு கெஜம் உள்ளே தள்ளி நட்டுட்டோம். கருப்பாயிதான் சொல்லுச்சு. 'என் பாத்தி வெளியே கிடந்துட்டுப் போகுது, கிராணி பாவம், பிள்ளைகுட்டிக்காரரு'ன்னு."

அங்கேயே மண்ணில் குச்சியால் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கிய நான், அந்த ஆறை மட்டும் பெருக்காமல் விட்டிருந்தேன்.

மூன்றாம் நாள் பன்றி வந்தது. கருப்பாயியின் பாத்தியில் ஒரு கிழங்கு மிஞ்சவில்லை.

வேலிக்குள் ஒரு செடிகூடச் சேதமில்லை என்று துரை லிஸ்டில் என் பெயரை அழித்தார்.

"தேங்க்யூ சார்," என்றேன்.