ஆறு நிமிட அம்மா

“ஒரு அம்மா சாகுறதுக்குப் பத்து நிமிஷமா சார்? பார்த்துக்கிட்டிருந்த எனக்கே மூச்சு முட்டிருச்சு” என்றார் வாஷிங் மெஷின் மெக்கானிக்.

இயக்குநருக்கு முகம் சுண்டிவிட்டது. அந்தக் காட்சி ஆறு நிமிடம்தான். இவருக்குப் பத்தாகத் தெரிந்திருந்தால் அது இன்னும் மோசம்.

மூன்று வருடம் நாயாக அலைந்து எடுத்த முதல் படம். அந்த ஆறு நிமிடம் அவருடைய சொந்த அம்மாவின் கடைசி மாலை. அவள் வெந்நீர் கேட்டது, ஜன்னலை மூடாதே என்றது, எல்லாம் நடந்தது நடந்தபடி. அதை எடுப்பதற்காகத்தான் மீதி இரண்டு மணி நேரத்தையே எடுத்தார் என்றுகூடச் சொல்லலாம்.

“நீங்க பக்கத்துல இருந்தா ஒருத்தனும் உண்மை பேசமாட்டான்” என்று அவரை எதிர் டீக்கடைக்கு விரட்டிவிட்டுத்தான் தயாரிப்பாளர், வெளியீட்டுக்கு முன்பாக, படத்தைப் போட்டுக் காட்டினார். முடிந்ததும் ஓடி வந்தார் இயக்குநர். தரைத்தள ஹாலிலிருந்து வந்த நாற்பது பேரும் “சூப்பர் சார்” என்று கைகுலுக்கிவிட்டு, கண்ணைப் பார்க்காமல் நழுவினார்கள்.

எல்லோரும் போன பிறகு, முட்டியைத் தேய்த்துக்கொண்டே வந்து சேர்ந்தவர் மெக்கானிக். “படி ஏறி இறங்கி உசிரு போகுது சார்” என்று பெஞ்சில் சாய்ந்தவர், எடுத்த எடுப்பில் கேட்ட கேள்விதான் அந்தப் பத்து நிமிஷம்.

அவரைக் கூப்பிட்டதே இயக்குநர்தான். போன வாரம் வீட்டு வாஷிங் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டே, சமீபத்தில் பார்த்த மூன்று படங்களையும் சேர்த்துப் பிரித்துப் போட்டார் மனிதர். போலீஸ் படத்தில் துப்பாக்கி வேலை செய்த அளவுக்கு யாருக்கும் மூளை வேலை செய்யவில்லையாம். பேய்ப் படத்தில் பேய் வந்தபோதுதான் இவருக்குத் தூக்கம் நன்றாக வந்ததாம். காதல் படத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே ஒரு போன் பேசியிருந்தால், எல்லோரும் இடைவேளைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாமாம்.

மூன்றும் இயக்குநர் மனதில் இருந்தவை, வெளியே சொல்லப் பயந்தவை. இவரல்லவா ரசிகர் என்று கையோடு பிரிவியூ தியேட்டர் முகவரியை எழுதிக் கொடுத்தார். ஏன் கொடுத்தோம் என்று இப்போது நொந்துகொண்டார்.

“சரிங்க, மழைப் பாட்டு?”

“அவன் நடக்குறான் நடக்குறான், நடந்துக்கிட்டே இருக்கான். ஊரே நனைஞ்சு காஞ்சிருச்சு, அவன் இன்னும் வீடு போய்ச் சேரலை.”

“அது அவனோட தனிமைங்க!”

“தனியா இருந்தா குடை பிடிக்கக் கூடாதா சார்?”

இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டார். “அம்மா சீன்ல உங்களுக்குக் கண்ணுல தண்ணியே வரலையா?”

“கொட்டாவி விட்டா வருமே, அது வந்துச்சு. கோவிச்சுக்காதீங்க. இன்னும் டைட்டில்கூடப் போடலை, இப்பவே வெட்டிருங்க. ரிலீஸ் ஆனப்புறம் வெட்ட முடியாது.”

மறுநாள் எடிட்டிங் அறையில், எடிட்டர் மௌஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். “என்னால முடியாது. இந்த சீனை எடிட் பண்றப்பவே ரெண்டு தடவை எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தேன்.”

“நீ நம்ம ஆளு, அழுவே. நாப்பது பேர் கைகுலுக்கினாங்க, ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னாரு.”

“அந்த ஒருத்தருக்காகவா இவ்வளவும்?”

“அந்த ஒருத்தர்தான் நாளைக்குத் தியேட்டருக்கு வர்றவரு. வெட்டு!”

வெந்நீர் போனது. ஜன்னல் போனது. ஐம்பது நொடியில் அம்மா கண்ணை மூடினாள். இருந்த எரிச்சலில் மழையையும் பாதியில் நிறுத்தினார் இயக்குநர். அன்று வீட்டுக்குப் போனவர், கூடத்தில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தை நிமிர்ந்து பார்க்காமல் தாண்டிப் போனார்.

படம் வெளியானது. முதல் நாள் மதியக் காட்சியில் பாதி இருக்கைகள் காலி. அம்மா செத்தபோது முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இயக்குநருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

வெளியே போஸ்டர் பக்கத்தில் மெக்கானிக் நின்றிருந்தார்.

“பேப்பர்ல உங்க போட்டோ பார்த்துத்தான் வந்தேன் சார். படம் பரவாயில்லை. ஆனா அந்த அம்மா சீன்ல ஏமாத்திட்டீங்க. மனசு இளக ஆரம்பிக்குது, அதுக்குள்ள டப்புனு முடிச்சிட்டீங்க. இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் விட்டிருந்தா நான் அழுதிருப்பேன்.”

இயக்குநருக்குத் தலைக்கேறிவிட்டது. சுற்றிலும் ஆட்கள் நிற்பதைக்கூடப் பார்க்கவில்லை.

“ஏங்க, மனசாட்சி இருக்கா உங்களுக்கு? பத்து நிமிஷம் பத்து நிமிஷம்னு அன்னிக்கு உசிரை எடுத்தது யாரு? உங்க பேச்சைக் கேட்டுத்தாங்க எங்க அம்மாவை வெட்டித் தூக்கிப் போட்டேன்!”

மெக்கானிக் ஒன்றும் புரியாமல் போஸ்டரைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார். பிறகு அவர் கை மெல்ல எழுந்து வாயைப் பொத்தியது.

“ஐயையோ, அது இந்தப் படம் இல்லையே சார்... இது உங்களோட இன்னொரு படம்னு நெனச்சேன். அன்னிக்கு வாட்ச்மேன் என்னை மூணாவது மாடிக்குல்ல அனுப்பினாரு!”