எங்கள் பாதிக் குப்பை

விடிந்தும் விடியாத நேரத்தில், மைதானத்தில் ஒரு மூட்டையை அவிழ்த்துக் குப்பையைக் கொட்டிக்கொண்டிருந்தார் பல் டாக்டர்.

நான் மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்று செல்போனில் படம் எடுத்தேன். மறைந்து என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி. மரத்தைவிட என் தொப்பை அகலம்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். நாள் முழுக்க உட்கார்ந்தபடியே பிரேக் மிதிக்கிற தொழில். என்னைப் போய் பின்தெரு அணிக்குக் கேப்டனாகப் போட்டிருக்கிறார்கள் என்றால், எங்கள் தெருவின் விளையாட்டுத் திறமையை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

விளையாட்டு இதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு, மைதானத்தின் நடுவில் கயிறு கட்டுவோம். ஒரு பாதி முன்தெருவுக்கு, மறு பாதி எங்களுக்கு. விசில் ஊதியதும் அவரவர் பாதியில் ஓடி ஓடிக் குப்பை பொறுக்க வேண்டும். யார் மூட்டை கனமோ அவர்களுக்குக் கோப்பை.

சாக்கடை அடைத்துக்கொண்டது யாரால் என்ற சண்டையில் வருஷக்கணக்காக முகம் பார்க்காமல் இருந்த இரண்டு தெருவும் இந்த ஓட்டத்தால்தான் மறுபடி பேச ஆரம்பித்தன. முன்தெரு கேப்டனான டாக்டரின் யோசனை அது. கோப்பையும் அவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் தோற்ற கடுப்பில், "இன்னொரு தடவை தோத்தா பின்தெரு இந்தப் பக்கமே வராது" என்று மைக்கில் வேறு சொல்லித் தொலைத்திருந்தேன்.

இப்போது டாக்டரின் வெற்றி ரகசியம் என் போனில் இருந்தது. ஓட்டம் தொடங்கும் முன் இரண்டு தெருவும் கூடியதும், மைக்கைப் பிடித்தேன்.

"டாக்டர், காலையில இங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், கொஞ்சம் தனியா பேசலாமா?"

"எதுக்குத் தனியா? எல்லாருக்கும் தெரியட்டும்." போனை உயர்த்திக் காட்டினேன். "முன்னாடியே குப்பையைக் கொட்டி வெச்சுட்டு, அதையே பொறுக்கிக் கோப்பை வாங்குறாரு இவரு."

சலசலப்பு எழுந்தது. என் மனைவி போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, பின்னாடி தெரியறது அந்த உடைஞ்ச கோல் கம்பம்தானே? அது நம்ம பாதியாச்சே."

ஆளைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. தான் ஜெயிப்பதற்கு எவனாவது எதிரியின் பாதியில் போய்க் கொட்டுவானா?

டாக்டர் தலையைச் சொறிந்தார்.

"எங்க பாதியில கிடந்ததுல கொஞ்சத்தை அள்ளி உங்க பக்கம் போட்டேன் சார். உங்க தெருக்காரங்க இப்போ குப்பை போடுறதையே விட்டுட்டாங்க. பொறுக்குறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதனாலதான் தோத்துட்டே இருக்கீங்க. பார்க்கப்போனா ஜெயிச்சது நீங்கதான். கனமான மூட்டைக்குக் கோப்பைன்னு விதி போட்டது என் முட்டாள்தனம்."

"அதுக்காக?"

"நீங்க வராம நின்னுட்டா ரெண்டு தெருவும் பழையபடி முகத்தைத் திருப்பிக்கும். இந்தத் தடவை நீங்க ஜெயிச்சுட்டா, அடுத்த மாசத்திலேருந்து சுத்தமா இருக்கிற பாதிக்குக் கோப்பைன்னு மாத்திடலாம்னு நினைச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. பொறுக்கத் துப்பில்லாத சோம்பேறிகள் என்று என் தெருவைத் திட்டியிருக்கிறேன். அவர்கள் செய்த தப்பு, குப்பை போடாமல் இருந்ததுதான்.

"மன்னிச்சிடுங்க டாக்டர்" என்று முணுமுணுத்தேன்.

"திட்டினது மைக்குல. மன்னிப்பு மட்டும் வாய்க்குள்ளேயா?" என்றாள் மனைவி.

மைக்கிலும் சொன்னேன். இரண்டு தெருவும் கைதட்டின. மனைவி மட்டும் விடவில்லை.

"அது சரி, ஞாயித்துக்கிழமை உங்களை எழுப்ப ஊரையே கூட்டணும். அந்நேரத்துல இங்க எதுக்கு வந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார்.

"நான்தாம்மா வாக்கிங் வரச் சொல்லியிருந்தேன். கேப்டனுக்குத் தொப்பை குறைய வேண்டாமா?"

அவள் சிரித்துக்கொண்டே நகர்ந்தாள். டாக்டர் என் கையிலிருந்த மைக்கை வாங்கி அணைத்துவிட்டு, காதருகே குனிந்தார்.

"நீங்க கொட்டுறதுக்குக் கொண்டுவந்து, மரத்தடியிலேயே விட்டுட்டு ஓடின மூட்டையைத் தொட்டியில போட்டுட்டேன் சார். உள்ள பூரா உங்க டிரைவிங் ஸ்கூல் நோட்டீஸ்."