பத்திரமாக இருக்கக் கூடாத கோப்பு

"இந்த பைலை எதுக்கு டிஸ்க்ல வச்சீங்க?"

கேட்டவர் தாடிக்காரர். மேஜை மேலிருந்த பெட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, அதன் திரையையே முறைத்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்தவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள். எட்டு வருஷம் குழந்தை, வீடு என்று இருந்துவிட்டு இப்போது இப்படியொரு இன்டர்வியூவில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். "பயப்படாத, கடிச்சா முழுங்கிடப் போறார்?" என்று காலையில் கணவன் சிரித்து அனுப்பியிருந்தான்.

"பத்திரமா இருக்கட்டும்னுதான் சார்."

"அது பத்திரமாவே இருக்கக் கூடாதுங்க."

பெட்டி அவள் செய்தது. குறைமாதக் குழந்தைகளைப் படுக்க வைக்கும் கண்ணாடித் தொட்டிலின் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் சின்னக் கணினி. ஒரே வேலை இரண்டு முறை ஓடிவிடாமலிருக்க, ஓட ஆரம்பித்ததும் 'நான் ஓடிக்கொண்டிருக்கிறேன்' என்று தற்காலிகமாக ஒரு பைலில் குறித்து வைக்கும். நிறுத்தும்போது தானே அதை அழித்துவிடும்.

"நீங்க நிறுத்தினா அழிக்கும். சரி. கரண்ட் போனா?"

பதிலுக்குக் காத்திராமல் பிளக்கைப் பிடுங்கினார். மறுபடி செருகினார். திரையில் ஒரே வரி: 'ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.' அதோடு பெட்டி கல்லுளிமங்கனாக உட்கார்ந்துவிட்டது.

"கரண்ட் போனாலும் பழைய பைல் டிஸ்க்லயே கிடக்கு. அதைப் பார்த்துட்டு, வேற யாரோ வேலையைப் பார்க்கிறாங்கன்னு இது சும்மா இருக்கு. ஓடும்போது மட்டும் தேவைப்படுற பைல் மெமரியில இருக்கணும். கரண்டோட அதுவும் போயிடணும்."

அவள் முகம் சுண்டிப்போனது. தொட்டிலுக்குள் ஒரு குழந்தை இருந்திருந்தால்?

"பேசாம எல்லாத்தையும் மெமரிக்கு மாத்திடுங்க" என்றார் தாடிக்காரர்.

"எல்லாத்தையுமா?" சட்டென்று நிமிர்ந்தாள். "நர்ஸ் வச்ச சூட்டு அளவும் அதே டிஸ்க்லதானே இருக்கு? அதுவும் அழிஞ்சா, எவ்வளவு சூடு குடுக்கணும்னு இது யாரைப் போய்க் கேக்கும்?"

அவர் தாடியைச் சொறிந்தார். "அட, ஆமா! அது டிஸ்க்லயே இருக்கட்டும். நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். ஒற்றை வரியை மாற்றினாள். இந்த முறை பிளக்கை அவளே பிடுங்கி, அவளே செருகினாள். திரையில் பழைய சூட்டு அளவு வந்து நின்றது. பெட்டி சமர்த்தாக வேலையைத் தொடங்கியது. இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள்.

சிரிப்பு அடங்கியதும் தாடிக்காரரின் முகம் மாறியது. எழுந்து நின்று சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"மன்னிச்சிடுங்க மேடம். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். முதலாளி எழுதினது தப்புன்னு சொன்னதுக்குத்தான் போன கம்பெனியில வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வேலை கேட்டு வந்த இடத்துல உங்ககிட்டயும் அதையே பண்ணிட்டேன்."

"அதுக்காகத்தான் உங்களை எடுத்துக்கிறேன்" என்றாள் அவள். "நான் ஆரம்பிச்ச இந்தக் கம்பெனியில நீங்கதான் முதல் ஆள். நாளைக்கே வந்துடுங்க."